மாத்தளை மண்ணில் மாற்றுப் பயிர்கள்

கண்டியிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், அக்குறணையைக் கடந்து மாத்தளையை அணுகுவோர், சாலையின் இருமருங்கும் வாசனைத் திரவியத் தோட்டங்களின் பெயர்ப் பலகைகளை வரிசையாகக் காண்பர். உல்லாசப் பயணிகளின் பேருந்துகள் ஆங்காங்கே நிற்கும். ஒருவர் கறுவாப்பட்டையை உரித்துக் காட்டுவார்; இன்னொருவர் கொக்கோக் காயைப் பிளந்து அதன் வெண்சதையைச் சுவைக்கத் தருவார். ஏலம், கராம்பு, சாதிக்காய், மிளகு, வனிலா என ஒன்றன்பின் ஒன்றாக வந்து, கடைசியில் எண்ணெய்ச் சிமிழ் ஒன்றும் விலைக்கு வரும். அரை மணி நேரத்தில் அத்தனையும் பார்த்துவிட்ட மகிழ்ச்சியோடு பயணிகள் வண்டியேறுவர்.

இம்மண்ணில் எதுதான் விளையாது என்னும் வியப்பு அவர்களுக்கு மட்டுமன்று, நமக்கும் எழுவதே. மாத்தளை மாவட்டத்தின் அமைப்பே அத்தகையது. வடக்கே தம்புள்ளைப் பக்கம் வறண்ட நிலம். கிழக்கே முகில் தவழும் நக்கிள்ஸ் மலைத்தொடர். இடையே இரத்தோட்டை, உக்குவளை, யட்டவத்தை முதலிய இடங்களில் மழையும் வெயிலும் அளவோடு கலந்த சரிவுகள். ஒரு பேருந்துப் பயணத்துக்குள் மூன்று தட்பவெப்பங்களைக் கண்டுவிடலாம். ஆகவே ஒரு செடி இங்கே வளருமா என்னும் வினாவுக்குப் பெரும்பாலும் 'வளரும்' என்பதே விடை. ஆனால் பயிர்செய்து பிழைப்பவன் கேட்கும் வினா வேறு. நட்டபின் எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும்? காத்திருந்தபின் கையில் வருவது நிச்சயந்தானா? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடுவதே பயிராராய்ச்சியின் பெரும்பகுதி என்பது நமது கருத்து. மாத்தளையின் வரலாறு இதற்குப் போதிய சான்று தருகின்றது.

அவ்வரலாறு கோப்பியோடு தொடங்குகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மலைநாடெங்கும் காடு வெட்டிக் கோப்பி நட்டனர் ஆங்கிலத் துரைமார். அதைப் பறிக்கத் தமிழகத்தினின்று ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைத் தாண்டி மாத்தளை வரை கால்நடையாக வந்தன. வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டோர் பலர். அந்த வழியை நினைவுகூர்ந்தே 2023 ஆம் ஆண்டு சூலை, ஆகத்து மாதங்களில் தலைமன்னாரினின்று மாத்தளை வரை மலையக மக்கள் நடைபயணம் ஒன்று மேற்கொண்டனர். இன்று நகரின் நடுவே கோபுரம் உயர்ந்து நிற்கும் முத்துமாரியம்மன் கோயிலும் அவ்வாறு வந்தோரின் வழிபாட்டை நினைவூட்டுவதே.

1870 ஆம் ஆண்டளவில் இலங்கை ஏறக்குறைய 10 இலட்சம் அந்தர் கோப்பியை ஏற்றுமதி செய்தது. ஆனால் அதற்கு முந்திய ஆண்டே, 1869 இல், மடுல்சீமைப் பக்கத்தில் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் தூள் போன்ற ஒரு பூஞ்சணம் தோன்றியிருந்தது. மார்சல் வாட் என்னும் இளம் அறிஞர் 1880 இல் வந்து இரண்டாண்டு தங்கி அந்நோயை ஆராய்ந்தார். ஒரே பயிரை இடைவெளியின்றி மலைமலையாக நட்டதனால் காற்று வழியே நோய்வித்துகள் தடையின்றிப் பரவுகின்றன என அவர் காட்டினார். உண்மை தெரிந்தபோது தோட்டங்கள் பிழைக்கும் நிலையில் இல்லை. மாத்தளைக்குப் புகைவண்டி வந்ததும் அதே 1880 ஆம் ஆண்டில்தான். கோப்பியை ஏற்றிச் செல்ல இட்ட தண்டவாளம் முடிந்தபோது கோப்பியும் முடிந்துகொண்டிருந்தது.

அப்போது துரைமார் கைக்கொண்ட முதல் மாற்றுப் பயிர் எது என்று மாணவரைக் கேட்டால், தேயிலை என்றே உடனே கூறுவர். தேயிலைக்கு முன் ஒரு மருந்துப் பயிர் வந்து போயிற்று. அது சிங்கோனா. மலைக்காய்ச்சலுக்குக் கொடுக்கும் குயினைன் என்னும் கசப்பு மருந்து அதன் பட்டையினின்று எடுக்கப்படுவது. தென்னமெரிக்காவினின்று கொண்டுவரப்பட்ட நாற்றுகளுக்காகவே 1861 இல் அக்கலைத் தோட்டம் நிறுவப்பட்டது. முதலில் எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. கோப்பி விழத் தொடங்கியதும் எல்லோரும் ஒரே காலத்தில் சிங்கோனாவின் மீது பாய்ந்தனர். 1887 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 160 இலட்சம் இறாத்தல் பட்டை இலங்கையினின்று வெளியேறிற்று. சந்தை நிரம்பி வழிந்தது. விலை பாதாளம் நோக்கியது. சில ஆண்டுகளில் மரங்களைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தேயிலை நட்டனர்.

இஃது அளவுக்கு மிஞ்சிய உற்பத்தியின் கதை என்று பொருளியல் நூல்கள் கூறி முடித்துவிடும். அதில் பயிராராய்ச்சியின் கதையும் ஒன்று உண்டு. சிங்கோனா ஒரே மரமன்று, பல இனங்கள். பட்டை பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பினும் உள்ளிருக்கும் குயினைன் அளவு இனத்துக்கு இனம் பெரிதும் மாறும். இலங்கையில் பெரும்பாலும் நட்டது எளிதாக வளரும் இனங்களை. அவற்றில் குயினைன் குறைவு. 1865 இல் சார்ள்சு லெட்சர் என்னும் வணிகர், பொலிவியாவின் காட்டினின்று கிடைத்த ஒரு தனியினத்தின் விதைகளை விற்க முன்வந்தபோது, ஆங்கில அரசு வாங்கவில்லை. ஒல்லாந்தர் ஓர் இறாத்தல் அளவு வாங்கி யாவாவில் விதைத்தனர். அதனோடு அவர்கள் நிற்கவில்லை. ஒவ்வொரு மரத்தின் பட்டையையும் இரசாயன முறையில் சோதித்து, சிறந்ததைத் தெரிந்தெடுத்து, அதனை வலுவான வேறோர் இனத்தின் வேர்த்தண்டில் ஒட்டுக் கட்டினர். வேர் ஒன்றினது, பட்டை மற்றொன்றினது. காலப்போக்கில் உலகின் குயினைனில் மிகப் பெரும்பகுதி யாவாவினின்றே வரலாயிற்று. அவ்விதையைக் காட்டில் தேடிக் கொடுத்த மானுவேல் இன்க்ரா மமானி என்னும் பழங்குடியினர், விதை கடத்தினார் என்று சிறையிடப்பட்டு அடியுண்டு இறந்தார் என்பதையும் இங்கே குறித்துவைப்போம். மருந்தின் புகழில் அவர் பெயர் அதிகம் அடிபடுவதில்லை.

1934, 1935 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் மலேரியாக் கொள்ளைநோய் பரவி ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பலிகொண்டது. அரை நூற்றாண்டுக்கு முன் கப்பல் கப்பலாகச் சிங்கோனாப் பட்டை அனுப்பிய நாடு இது.

சிங்கோனா போனபின் மலைநாட்டின் மேற்பகுதி தேயிலைக்கும் தாழ்பகுதி இறப்பருக்கும் ஆயின. மாத்தளையின் இடைநிலச் சரிவுகளோ ஒரு பயிருக்கு முழுதும் அடங்கவில்லை. கொக்கோ வந்தது, அதற்கு நிழல் மரம் வந்தது, நிழல் மரத்தில் மிளகு ஏறிற்று, இடையே கராம்பும் சாதிக்காயும் பலாவும் கமுகும். கண்டிச் சிங்கள மக்களின் வீட்டுத் தோட்டங்கள் முன்னமே இவ்வாறுதான் இருந்தன. தூரத்தினின்று பார்ப்போருக்குக் காடு. உள்ளே சென்றால் ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் உடைமையாளன் உண்டு. இவற்றையெல்லாம் சிறு பயிர்கள் என்றே அரசாங்க ஏடுகள் அழைத்துவந்தன. 1972 இல் இவற்றுக்கெனச் சிறு ஏற்றுமதிப் பயிர்த் திணைக்களம் அமைந்தது. அதுவே பின்னர் ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் எனப் பெயர் மாறிற்று. அதன் மத்திய ஆராய்ச்சி நிலையம் மாத்தளையில் உள்ளது. 'சிறு' என்னும் அடைமொழி பெயரினின்று நீங்கியது நன்றே. சிறியது பயிரன்று, அதைப் பயிரிட்டோரின் நிலமே.

இத்திணைக்களத்தின் வேலைகளுள் நாம் பெரிதும் மதிப்பது ஒன்றுண்டு. பார்த்தால் ஒரு மூங்கில் துண்டு.

மிளகுக் கொடியை விதையினின்று வளர்த்தால் தாயின் குணம் பிள்ளைக்கு வருமென்பது உறுதியன்று. ஆகவே தண்டுத் துண்டையே நடுவர். ஆனால் ஒரு நல்ல கொடியினின்று எத்தனை துண்டு வெட்டமுடியும்? சிலவற்றையே. அவற்றிலும் பாதி வேர் விடாமற் பட்டுப்போகும். சிறந்த கொடியொன்று கண்டுபிடிக்கப்பட்டாலும் அது நாடெங்கும் பரவ ஒரு தலைமுறை செல்லும். இத்தடையை நீக்க, இலங்கையில் பாவப்பா, குருசிங்க என்னும் இரு ஆராய்ச்சியாளர் ஒரு விரைவுப் பெருக்க முறையை வகுத்து 1978 இல் வெளியிட்டனர். பின்னர் இந்தியாவும் அதனைத் தன் நிலைக்கேற்ப மாற்றி மேற்கொண்டது.

முறை இதுதான். மூங்கிலை நெடுக இரண்டாகப் பிளந்து, ஓடம் போன்ற பாதியை நாற்பத்தைந்து பாகை சாய்வாக நிறுத்துவர். அதனடியில் வேர்விட்ட ஒரு கொடியை நடுவர். கொடி மேலேற ஏற, தும்புத்தூளும் மாட்டெருவும் கலந்த கலவையை மூங்கிலுக்குள் இட்டு, கொடியின் ஒவ்வொரு கணுவும் அக்கலவையில் படும்படி கட்டிவருவர். ஈரம் காயவிடக் கூடாது. ஒவ்வொரு கணுவும் தானாகவே வேர்விடும். மூன்று நான்கு மாதத்தில் கொடி உச்சியை அடையும். அப்போது நுனிமொட்டைக் கிள்ளிவிட்டு, அடியினின்று மூன்று கணுவுக்கு மேலே தண்டை நசுக்கிவிடுவர். வெட்டுவதன்று, நசுக்குவது. உணவோட்டம் தடைப்பட்டு மேலேயுள்ள கணுமொட்டுகள் யாவும் விழித்துக்கொள்ளும். பத்து நாள் கழித்து நசுக்கிய இடத்தில் அறுத்து, கணுவுக்கு ஒன்றாகத் துண்டித்துப் பொலித்தீன் பைகளில் நட்டால் ஒவ்வொன்றும் ஒரு கன்று. அடியில் எஞ்சிய மூன்று கணு மறுபடி துளிர்க்கும். இந்திய நிலையங்களின் கணக்குப்படி ஒரு கொடி ஆண்டொன்றில் நாற்பதாகும்.

ஆயுதமோ அருமருந்தோ இதில் இல்லை. மூங்கில், தும்புத்தூள், சாணம், கயிறு. எந்தக் கிராமத்திலும் கிடைப்பவை. ஆராய்ச்சி என்றாலே கண்ணாடிக் குழாயை எண்ணும் மாணவர் இதனைச் சற்றுச் சிந்தித்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் இம்முறைக்கு ஓர் அபாயமும் உண்டு. ஒரு கொடியே நாற்பதாகும்போது, அதனுள் ஒளிந்திருக்கும் நோயும் நாற்பதாகும். இலங்கை மிளகில் இலை மஞ்சள் தேமலாகிச் சிறுத்துப்போகும் வைரசு நோய் கண்டறியப்பட்டுள்ளது. அதற்கு மருந்தில்லை, நோயற்ற தாய்க்கொடியைத் தெரிந்தெடுப்பதே வழி. ஆதலின் தாய்க்கொடியின் பிறப்பறியாமல் வீதியோரத்தில் மலிவாக விற்கும் கன்றை வாங்குவது மூன்றாண்டு உழைப்பைப் பணயம் வைப்பதாகும்.

இனக்கலப்பும் நடந்துள்ளது. கேரளத்தின் பன்னியூர் ஆராய்ச்சி நிலையம் உலகுக்கு முதற் கலப்பின மிளகைத் தந்தது. பன்னியூர் 1 என்னும் அக்கொடி இங்கும் வந்தது. அதனையும் இந்நாட்டுக் கொடிகளையும் கலந்து உண்டாக்கிய புதிய இனங்களுக்குத் திணைக்களம் இட்ட பெயர்கள் சுவையானவை: டிங்கிரால, கொகுகும்புரே ரால, பூட்டாவே ரால. பின்னிருவரும் 1818 ஆம் ஆண்டு ஊவாக் கிளர்ச்சியின் வீரர். டிங்கிரால 1848 இல் இதே மாத்தளையில் ஆங்கிலேயரை எதிர்த்தெழுந்த கிளர்ச்சியின் தலைவருள் ஒருவர். கோப்பித் துரைமாரின் ஆட்சியை எதிர்த்தவரின் பெயரைச் சிறு விவசாயியின் கொடி தாங்குகின்றது.

மிளகுக்கு மூன்றாண்டு காத்திருந்தாற் போதும். சாதிக்காய்க்கோ ஏழு, எட்டு ஆண்டு. அங்கே காத்திருத்தலினும் கொடியது ஒன்றுண்டு. சாதிக்காய் மரத்தில் ஆண் வேறு, பெண் வேறு. விதையைப் பார்த்தோ கன்றைப் பார்த்தோ எது ஆண், எது பெண் என்று கூறல் இயலாது. பூத்த பின்னரே தெரியும். ஏறக்குறையப் பாதி மரங்கள் ஆணாகவே அமையும். பத்துப் பெண்மரத்துக்கு ஓர் ஆண்மரம் போதுமாயிருக்க, எஞ்சியவை யாவும் வீண்.

இரத்தோட்டைப் பக்கம் மாணவருடன் ஒருமுறை சென்றிருந்தபோது, முதிய விவசாயி ஒருவரின் தோட்டத்தில் தழைத்துச் செழித்த மரங்கள் நாலைந்து வெட்டுண்டு கிடப்பதைக் கண்டோம். ஏன் ஐயா, இத்தனை நல்ல மரங்களை வெட்டினீர்கள் என்றோம். "எட்டு வருசமாப் புள்ள மாதிரி வளத்தேன் ஐயா. பூத்துச்சு. எல்லாம் ஆம்புள மரம்" என்றார் அவர். மாணவர் சிலர் சிரித்தனர். அவர் சிரிக்கவில்லை. எட்டு ஆண்டு என்பது அந்த வயதில் எவ்வளவு பெரிய பங்கு என்பதை இளைஞர் அப்பொழுது உணர்ந்திருக்க மாட்டார்.

இதற்கு விடை ஒட்டு முறை. விதையினின்று முளைத்த கன்றின் தலையைச் சீவி, காய்க்கும் பெண்மரத்தின் துளிரை அதில் பொருத்திக் கட்டினால் அது நிச்சயமாகப் பெண்மரமாகும். பல ஆண்டு முன்னதாகவே காய்க்கவும் தொடங்கும். இதிலும் ஒரு நுட்பமுண்டு. துளிரை நிமிர்ந்த கிளையினின்று எடுத்தால் மரம் நிமிர்ந்து வளரும்; பக்கக் கிளையினின்று எடுத்தால் புதர்போற் படரும். தாய்மரத்தில் நிமிர்ந்த கிளைகள் சிலவே. எனவே ஒட்டுக் கன்று அருமையாகவும் விலை கூடியதாகவும் இருக்கின்றது. காயின் கொட்டையும், அதனைச் சிவப்பு வலைபோல் போர்த்திருக்கும் சாதிபத்திரியும் சமையலறைக்கு மட்டுமல்ல. அவற்றின் எண்ணெய் வலித் தைலங்களிலும் வாசனைப் பொருள்களிலும் சேர்கின்றது. கொட்டையின் கொழுப்புச் சவர்க்காரத் தொழிலுக்கு உதவுகின்றது.

இனி, ஒரே பயிரைத் தொழிலுக்கும் உணவுக்கும் வெவ்வேறு நாளில் பறிப்பதைப் பார்ப்போம். மிளகின் காரத்துக்குக் காரணம் பைப்பரின் என்னும் பொருள். மணத்துக்குக் காரணம் ஆவியாகும் எண்ணெய். காய் பிடித்து நாலரை, ஐந்து மாதத்தில் இவையிரண்டும் நிறைந்திருக்கும். பின்னர் மாப்பொருள் சேர்ந்து மணி கனக்கும். ஆகவே எண்ணெய்ப்பிசின் வடிக்கும் ஆலைக்கு இளங்காய் ஏற்றது. மளிகைக் கடைக்கு முற்றிய மணி ஏற்றது. இலங்கை மிளகில் பைப்பரின் மிகுதி என்பதால் இந்திய ஆலைகள் இங்கிருந்து இலேசான இளமிளகை விரும்பி வாங்குகின்றன. இதனைக் கேட்டதும், அப்படியானால் எல்லோரும் இளங்காயாகவே பறிக்கலாமே என்று தோன்றும். எடை குறைவு, விலையும் ஆலையின் சோதனையைப் பொறுத்தது. உண்மையில் பல சிறு தோட்டக்காரர் பச்சையாகவே பறிப்பது ஆராய்ச்சி அறிவுரையால் அன்று, கள்வருக்கு அஞ்சி. முற்றும் வரை விட்டால் ஓர் இரவிற் கொடி மொட்டையாகிவிடும்.

சந்தையின் கள்ளத்தனம் இன்னும் பெரிது. இந்தியாவுடன் செய்த தடையற்ற வர்த்தக உடன்படிக்கையின் சலுகையைப் பயன்படுத்தி, வியட்நாம் மிளகு இலங்கை மிளகென்னும் பெயரில் கைமாறுவதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. 2017 திசம்பரில் இந்தியா, கிலோ ஒன்று 500 இந்திய ரூபாவுக்குக் குறைந்த மிளகை இறக்குமதி செய்யலாகாதென விதித்தது. இலங்கையில் விலை இறங்கிற்று. மூன்றாண்டு காத்திருந்து நல்லினக் கொடியைக் காய்க்கச் செய்தவன், தன் தோட்டத்தில் ஒரு குறையுமின்றி நட்டமடைந்தான்.

ஆய்வுச்சாலை விவசாயிக்குத் துணைநின்ற நிகழ்ச்சியும் உண்டு. உலகச் சந்தையிற் 'சினமன்' என்னும் ஒரே பெயரில் விற்பதில் பெரும்பங்கு சீனம், இந்தோனேசியா முதலிய நாடுகளின் காசியாப் பட்டை. அதில் கூமரின் என்னும் பொருள் மிகுதி. அளவு கடந்து நாள்தோறும் உண்டால் ஈரலுக்குத் தீங்கு செய்யலாம் என 2006 இல் செருமானிய அரசின் ஆய்வு நிறுவனம் எச்சரித்தது. நமது கறுவாவிலோ கூமரின் மிகமிகக் குறைவு. பார்வையால் வேறுபடுத்த முடியாத பொடியை இரசாயனச் சோதனை வேறுபடுத்திற்று. 2022 இல் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக் கறுவாவுக்குப் புவிசார் குறியீட்டுக் காப்பு வழங்கிற்று. சிங்கோனாவில் ஒல்லாந்தர் செய்த சோதனையை, நூற்றைம்பது ஆண்டு தாழ்த்தி, கறுவாவுக்கு நாம் பெற்றோம்.

தொழிற் பயிர் என்றால் ஆலைக்குப் போவது மட்டுமா? யாழ்ப்பாணத்தில் வேலிக்கதியாலாக நட்டு, ஆட்டுக்குத் தழை ஒடிக்கும் கிளிசறியாவை அனைவரும் அறிவர். மத்திய அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மரத்தின் இலத்தீன் பெயருக்கு எலிக்கொல்லி என்பது பொருள். மாத்தளையில் மிளகுக்குத் தாங்கு மரம் பெரும்பாலும் இதுவே. தடியை வெட்டி ஊன்றினால் துளிர்க்கும். வேர் காற்றின் நைதரசனைப் பிடித்து மண்ணுக்குத் தரும். ஆண்டுக்குச் சிலமுறை கிளை நறுக்கினால் தழை எருவாகும், தடி விறகாகும். அவ்விறகைக் கொண்டு ஆலைக் கொதிகலனை எரிக்கவும் மின்சாரம் ஆக்கவும் முடியும் என்பதனால் 2005 இல் அரசாங்கம் இதனைத் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நாலாவது பெருந்தோட்டப் பயிரென அறிவித்தது. அறிவிப்பின் ஆரவாரத்துக்கேற்ப நடவு வளரவில்லை என்பதே நமது எண்ணம். எனினும் 2021 இல் இரசாயன உர இறக்குமதி ஏழு மாதம் நிறுத்தப்பட்டபோது, வேலியிற் கிளிசறியா வைத்திருந்தவன் அதன் மதிப்பை உணர்ந்தான். அதற்கு முந்திய ஆண்டு மஞ்சள் இறக்குமதி நின்று, ஒரு கிலோ சில ஆயிரம் ரூபாவுக்கு ஏறியதையும் இல்லத்தரசிகள் மறந்திருக்க மாட்டார்கள். ஒன்பது மாதத்தில் விளையும் பயிரொன்றைக்கூட நாம் பிறரிடம் விட்டிருந்தோம்.

மருந்துப் பயிர்களுக்கு வருவோம். தடிமன் பிடித்தால் கொத்தமல்லியோடு ஒரு துண்டு மரமஞ்சளை இட்டு அவித்துக் குடிக்கும் வழக்கம் இந்நாட்டுச் சிங்கள, தமிழ் இல்லங்கள் பலவற்றில் உண்டு. மரமஞ்சளின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பெர்பெரின் நுண்கிருமிகளை அடக்கும் ஆற்றலுடையது. இன்னொன்று நமது சித்த மருத்துவர் பொன்கொரண்டி என்னும் கொடியினம். சிங்களத்தில் கொத்தல இம்புட்டு. அதன் கட்டையைக் கடைந்து செய்த குவளையில் இரவு நீர் ஊற்றி வைத்துக் காலையிற் குடிப்பது நீரிழிவுக்குப் பழைய மருந்து. 1997 இல் யப்பானிய அறிஞர் இக்கொடியினின்று சலசினோல் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். உணவின் மாப்பொருளைச் சர்க்கரையாக உடைக்கும் குடல்நொதியை அது தடுக்கின்றது. ஆதலின் உணவுக்குப் பின் இரத்தச் சர்க்கரை சடுதியாக ஏறுவதில்லை. குவளை வைத்தியத்துக்கு இவ்வாறு ஒரு காரணம் கிடைத்தது. அதற்காக மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டுக் குவளையை நம்புதல் ஆகாது. இரண்டையும் சேர்த்து உட்கொள்வதும் அவரைக் கேட்டே செய்யத்தக்கது.

இவையிரண்டும் காட்டுக் கொடிகள், மெல்ல வளர்பவை. மரமஞ்சளிலும் ஆண் பெண் வேறு. வேரும் தண்டுமே மருந்தாதலால், எடுப்பதென்றால் கொடியையே அழிப்பதாகும். யப்பானியச் செய்தி பரவியதும் காட்டில் இக்கொடியைத் தேடியோர் பெருகினர். இவற்றின் ஏற்றுமதியைச் சட்டம் கட்டுப்படுத்துகின்றது. ஆனால் காட்டினின்று எடுக்காதே என்று கூறும் சட்டம், தோட்டத்தில் விளைவிக்க ஒரு கன்றும் ஒரு காலக்கணக்கும் உடன் தந்தாலன்றிப் பயன் சிறிதே. எத்தனையாவது ஆண்டில் தண்டு மருந்துக்குத் தகுதியாகும், எந்த மரத்தில் ஏற்றலாம், கிளையை மட்டும் வெட்டி வேரை விட்டுவைக்க முடியுமா என்னும் வினாக்கள் சாதிக்காய், மிளகின் வினாக்களை ஒத்தவையே. மாத்தளை போன்றதோர் இடத்தில் இவற்றுக்கு விடை காண்பது இயலாததன்று.

காட்டுக்குள்ளேயே பயிர் செய்தால் நேர்வதையும் இம்மாவட்டம் கண்டிருக்கின்றது. நக்கிள்ஸ் மலையின் உயர்காட்டில் பெருமரங்களை விட்டுக் கீழ்ச்செடிகளை நீக்கி ஏலம் நட்டனர். மேலே காடு பசுமையாகவே தோன்றிற்று; கீழே அடுத்த தலைமுறைக்கு ஒரு மரக்கன்றும் இல்லை. காய்களை உலர்த்தும் சூளைகளுக்கு விறகும் அங்கேயே வெட்டினர். 2000 ஆம் ஆண்டில் அது பாதுகாக்கப்பட்ட வனமாயிற்று. 2010 இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுரிமையிற் சேர்ந்தது. காடு காக்கப்பட்டது சரியே. ஏலத்தை நம்பியிருந்த கூலிக் குடும்பங்களுக்கு வேறு பயிர் காட்டியது யார் என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இங்கேதான் காத்திருத்தலின் உண்மையான விலை தெரிகின்றது. மூன்றாண்டோ எட்டாண்டோ காத்திருக்க, முதலில் காலூன்ற ஒரு துண்டு நிலம் வேண்டும். அது நாளையும் தன்னுடையதே என்னும் உறுதி வேண்டும். கோப்பிக்காலத்தில் நடந்து வந்தோரின் பேரப்பிள்ளைகள் பலர் இன்றும் தோட்டத்து லயன்களிலேயே வாழ்கின்றனர். வீடமைப்புத் திட்டங்களில் பேசப்பட்ட நிலம் ஏழு பேர்ச்சு. ஓர் ஏக்கர் நூற்றறுபது பேர்ச்சு. எட்டடி இடைவெளியில் நட்டால், வீடே கட்டாமல் விட்டாலும் ஏழு பேர்ச்சில் முப்பது மிளகுக் கொடிதான் நிற்கும். நல்ல கன்றும் நல்ல இனமும் ஒட்டு முறையும் இன்று உண்டு. நிலவுரிமை இல்லாத குடும்பத்துக்கு அவை கடைத்தெருக் காட்சியாகவே நிற்கின்றன. திணைக்களத்தின் நடவு உதவித்தொகைகளும் நிலமுள்ளோரை நோக்கியே வகுக்கப்பட்டவை.

நிலமில்லாதோரும் செய்யத்தக்க ஒன்றை மட்டும் ஈண்டு கூறுவோம். மிளகுக் கொடியில் இருவகைக் கிளை உண்டு. மேலேறும் தண்டு ஒன்று. அதன் பக்கத்தே நீண்டு காய் தாங்கும் கிளை மற்றொன்று. ஏறும் தண்டை நட்டால் கொடியாகும். காய்க்கும் பக்கக்கிளையை நட்டால் அஃது ஏறவே ஏறாது; சிறு புதராக நின்று அடுத்த ஆண்டே காய்க்கும். இதனைப் புதர் மிளகு என்பர். தாங்கு மரம் வேண்டியதில்லை. ஒரு சாடியோ உடைந்த வாளியோ போதும். முற்றிய பக்கக்கிளையில் மூன்று, நான்கு கணுவுள்ள துண்டை எடுத்து, அடியில் ஓரிரு இலைகளை நீக்கி, வேர் ஊக்கித் தூளில் தோய்த்து, மணலும் தும்புத்தூளும் சமமாகக் கலந்த பையில் ஊன்றி, பையின் வாயைக் காற்றுப் புகாமற் கட்டி நிழலில் வைக்க வேண்டும். ஏறும் தண்டைவிட இது வேர்விடத் தாமதிக்கும். ஐந்தில் ஒன்றிரண்டு தப்பினாலும் மனந்தளரற்க. வேர்விட்டதும் எருவிட்ட சாடிக்கு மாற்றி, அரை நிழலில், நீர் தேங்காதபடி வைக்கலாம். கதிரில் ஒன்றிரண்டு மணி சிவந்தவுடன் கதிரைக் கிள்ளி, மணிகளை உதிர்த்து, கொதிநீரில் ஒரு நிமிடம் அமிழ்த்தெடுத்துப் பாயிற் பரப்பினால், மூன்று நான்கு நாள் வெயிலில் ஒரே சீராகக் கறுத்து உலரும்.